தலைதட்டி பஞ்சநதம்

“லாபம்” என்று முதல் பையன் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார் பஞ்சநதம். அடுத்த தலைக்குப் போய், “ரெண்டு.” அப்புறம் மூணு, நாலு. காலை ஆறு மணிக்குக் காக்கி அரைக்கால் சட்டையில் நிற்கிற பையன்களை நாற்பத்து மூன்று வரை எண்ணி முடித்து, கையை வேட்டியில் தட்டிவிட்டுக்கொள்கிறார். கையில் பதர் ஒட்டியிருக்கிறதாக இன்னும் நினைப்பு.

தஞ்சாவூரில் இருக்கும் இந்த இடத்துக்குப் பலகையில் அரசினர் சீர்திருத்தப் பள்ளி என்று பெயர். ஊரார் வாயில் ‘சின்ன ஜெயிலு’. பஞ்சநதம் இங்கே காவலர். அதற்கு முன் இருபது வருஷம் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். களத்தில் ஒன்று என்று யாரும் தொடங்குவதில்லை; லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் நிலத்தை மாமியார், மச்சினன், தொட்டில் பிள்ளை வரை எழுதிவைத்தார். பஞ்சநதத்துக்குச் சிபாரிசுக் கடிதம் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மரக்காலுக்கு மேல் குவியும் நெல்லை வழித்துத் தலைதட்டி அளந்த கை பையன்களையும் தலைதட்டுகிறது. ஆனால் சோறு போடும்போது மட்டும் தட்டாது. தட்டில் கோபுரம் நிற்கும். சமையல்காரர் முறைத்தால் இவருக்குக் காது கேட்காது.

வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவன் காத்தான். ஆள் குட்டை. அறுவடைத் தகராறில் பெரியவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். தலையில் கதிர்க்கட்டோடு அகப்பட்ட இவனை இங்கே அனுப்பினார்கள். அவன் தாய் எல்லையம்மாளுக்கு அந்த மிராசுதார் களத்தில் கூலி நெல் அளந்தவர் பஞ்சநதம்தான்.

“கொஞ்சம் கை இறுக்கித்தாங்க அளந்திருப்பேன். முதலாளி பாத்துக்கிட்டே நிப்பாரு. வெக்கமாத்தான் இருக்கு,” என்றார், அங்கே அவ்வப்போது போய்வரும் என்னிடம். நான் கேட்கவே இல்லை.

கண்காணிப்பாளர் சாரங்கபாணி தமாஷ் பேர்வழி. ஒருநாள், “என்னய்யா பஞ்சநதம், நீர் வந்தப்ப இருபத்தொம்பது பேர். லாபம் லாபம்னு சொல்லியே நாப்பத்து மூணாக்கிட்டீரே!” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். பஞ்சநதம் அதை என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

“குமிச்ச நெல்லு களத்தை விட்டுப் போவக்கூடாதுன்னு சொல்ற சொல்லுங்க அது. அதைத் தினம் அந்தப் புள்ள தலையில சொல்லிக்கிட்டிருக்கேனே. எப்படிங்க வீட்டுக்குப் போவான்?”

காத்தானின் விடுதலைக்கு மனுப் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. எல்லையம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, உத்தரவு வந்துவிட்டதா என்று இவரைத்தான் கேட்பாள்.

இனி ‘ஒண்ணு’ என்றே தொடங்குவது என்று தீர்மானித்தார். வீட்டில் பசுமாட்டின் முன் நின்று பழகினார். மனைவி மங்களாம்பிகை, மாடு மிரள்கிறது என்று துரத்திவிட்டாள். மறுநாள் காலை காத்தான் தலையில் கை வைத்ததும் பாழும் நாக்கு ‘லாபம்’ என்றது. பதறி, அதே தலையில் ‘ஒண்ணு’ என்றார். இரண்டு சொல் ஆகிவிட்டதால் அடுத்தவன் ‘மூணு’ ஆனான். கணக்கு நாற்பத்து நாலில் நின்றது. மணி அடித்துவிட்டார். தப்பி ஓடினவனைத் தேடுவது அங்கே வழக்கம். தப்பி உள்ளே வந்தவனைத் தேடியது அன்று மட்டும்தான். தேடினவர்களில் காத்தான்தான் சுறுசுறுப்பு. கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தானாம்.

தை பிறந்து உத்தரவு வந்தது. நான் போயிருந்த காலை, வாசலில் எல்லையம்மாள் காலில் செருப்பில்லாமல் நின்றாள். பஞ்சநதம் கதவைத் திறந்துவிட்டார். காத்தான் படி தாண்டி அம்மா பக்கத்தில் போய் நின்றதும், இவரும் படி தாண்டிப் போய் அவன் தலையில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை.

“லாபம்,” என்றார் எல்லையம்மாளிடம்.

கதவைப் பூட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பினார். இப்போது முதலில் நின்ற பையனின் தலைக்கு மேலே கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

“ஒண்ணு.”