அடுப்புக்கு மேலே தொங்கிய விதை

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மாமன் வீட்டில் தங்கி நான்காம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு மண்வெட்டி பிடித்த கைதான். வரி நேராக நிற்காது. ல, ள, ழ மூன்றும் இடம் மாறிப் போகும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்த விஷயத்தில் ஒரே ஒருவன் முன்னால்கூட இத்தனை வருஷமாக வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் என் வீட்டின் மேற்குச் சுவர் இடிந்தது. மறுநாள் கூரையும் உட்கார்ந்துவிட்டது. நான் தனி ஆள். கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்களும் இல்லை. எங்கள் மலையில் கூரைக்குப் போடும் புல்லைத் தை கழிந்து காய்ந்த பிறகுதான் அறுப்போம். அதுவரை வீடு கட்ட வழியில்லை. அண்ணன் வீட்டில் எட்டு நாள் இருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் நான் படுத்தால் அண்ணன் பிள்ளைகள் கால் நீட்ட இடமில்லை. ஒன்பதாம் நாள், பன்றிக் காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாமைக் கொல்லை மேட்டில் இருந்த காவல் குடிசைக்குப் போய்விட்டேன். அறுத்து முடித்த கொல்லையில் பன்றிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

நான்கு கால் நட்டு, மேலே மூங்கில் பரண் கட்டிப் புல் வேய்ந்த குடிசை அது. மூன்று பக்கம் தட்டி. ஒரு பக்கம் திறப்பு, அதில் எந்நேரமும் பனிமூட்டம். உள்ளே நெருப்பு வைத்தால் குடிசையே போய்விடும். கீழே மூட்டலாமென்றால் விறகெல்லாம் ஈரம். குச்சிக்கிழங்கு வேகிற நேரத்துக்கு மட்டும் எப்படியோ புகையவைத்துக் குளிர் காய்வேன்.

என் கூட்டாளியின் மனைவி கார்த்திகைத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த மறுநாள் காலையில், கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் என் குடிசைக்கு ஏறி வந்தான். நான் நகர்ந்து இடம் விட்டேன். அப்புறம் அவன் போகவே இல்லை.

அவன் வீடு எதிர்ச் சரிவில்தான். குடிசையிலிருந்து பார்த்தால் கூரை நன்றாகத் தெரியும். அவன் அதற்கு முதுகு காட்டியே உட்காருவான். ஒருநாள் தானாகவே சொன்னான்.

"ஊட்டுக்குள்ள அவ இருக்கற மாதிரியே இருக்குதுடா. உள்ள போயிப் பாத்தா இல்ல. போவாமயே இருந்துட்டா, இருக்கறான்னு நெனச்சுக்கலாம்."

கிழங்கை உரித்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான். உரித்துக் கொடுப்பது, பக்கத்தில் உட்காருவது, அவன் அழுதால் வேறு பக்கம் பார்ப்பது.

மார்கழி பிறந்ததும் அவனுக்கு இருமல் பிடித்தது. நாளாக ஆக நெஞ்சுக்குள் உரலில் இடிப்பதுபோல் சத்தம் வந்தது. இப்படியே போனால் இவனும் தங்கமாட்டான் என்று பயந்தேன். வீட்டுக்குப் போடா, அடுப்பைப் பற்றவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் அவன் அக்கா. சோளக்காடு ஊர்ச் சந்தையில் பத்துப் பேர் கேட்க என்னை நிறுத்தி, "ஏஞ்சாமி, ஊடில்லாதவன் ஊடிருக்கறவன வெச்சுக் காப்பாத்துறயாமா? மொள்ளமா அவனோட போயி அங்கயே ஒண்டிக்கலாம்னு பாக்கறயா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதன் பிறகு வீட்டுக்குப் போ என்று சொல்ல வாயைத் திறந்தாலே, எனக்காகக் கேட்பதுபோல் என் காதுக்கே கேட்டது.

ஒருநாள் விடிந்தும் பனி விலகவில்லை. அவன் கிழங்கு பிடுங்க ஓடைப் பக்கம் போனான். போகும்போது, வீட்டில் இன்னொரு கம்பளி இருக்கிறது, எடுத்து வா என்றான். போனேன். தட்டிக் கதவைத் தள்ளினேன். கழுவிக் கவிழ்த்த சட்டி அப்படியே இருந்தது. அடுப்புச் சாம்பலில் பூனை படுத்த குழி. மூலையில் காய்ந்த விறகு, அவள் அடுக்கி வைத்தது. கம்பளியை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். என் விரல்கள் மடங்கவில்லை. மடியில் தீப்பெட்டி இருந்தது. பற்றவைத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வெளியே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. எங்கள் வீடுகளில் புகை கூரைப் புல்லின் வழியாகத்தான் வெளியேறும். ஓடையிலிருந்து ஏறி வந்தவன், தன் கூரையில் புகை எழுவதைப் பார்த்திருக்கிறான். வாசலில் வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்ததும் அது அணைந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"நீயா?" என்றான்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தேன். அடுப்புக்கு மேலே கட்டிய தட்டியிலிருந்து சோளக் கதிர்க் கட்டுகள் தொங்கின. அடுத்த வருஷ விதை. புகை படாவிட்டால் வண்டு துளைத்துவிடும் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான் தொங்கவிடுவார்கள். காய்ச்சல் வருவதற்கு முன் அவள் கட்டித் தொங்கவிட்டது.

"விதைக்குப் பொகை போடலாம்னு..." என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கதிர்க் கட்டை இறக்கி, உள்ளங்கையில் கசக்கி, ஊதிப் பார்த்தான். நாலைந்து மணி ஓட்டையாகிவிட்டிருந்தது. மற்றது நன்றாக இருந்தது. அப்படியே அடுப்பின் முன் உட்கார்ந்து, இருமலும் அழுகையுமாக, ஒவ்வொரு விறகாக உள்ளே தள்ள ஆரம்பித்தான். அன்று அவன் வெளியே வரவில்லை.

என்னையும் இருக்கச் சொன்னான். கையைப் பிடித்து இழுத்தான். நான் கம்பளியைக்கூட எடுக்காமல் மேட்டுக்குத் திரும்பிவிட்டேன். தை முடியும் வரை அங்கேதான் தனியாக இருந்தேன். தினமும் விடிந்ததும் எதிர்ச் சரிவைப் பார்ப்பேன். கூரையில் புகை எழுந்தால், எழுந்துவிட்டான் என்று கிழங்கு வேகவைக்கப் போவேன். ஒருநாள் புகை வரத் தாமதமானது. பாதி தூரம் ஓடினேன். அதற்குள் எழுந்தது. அவன் வாசல்வரை போகாமல் திரும்பிவிட்டேன். மாசியில் நான் வீடு கட்டியபோது புல் முழுவதும் அவன்தான் சுமந்தான்.

போன மாதம் மிளகு விற்கப் போன இடத்தில், "இவந்தானுங்க எங்கூட்டு விதையக் காப்பாத்துனவன்" என்று யாரிடமோ என்னைக் காட்டினான். வருஷாவருஷம் சொல்வதுதான். திரும்பி நடக்கும்போது கேட்டான். "அன்னிக்கு அத்தன சொன்னனே, ஏண்டா இருக்காமப் போன?"

பன்றிக் காவலுக்கு என்றேன். "அறுத்த காட்டுல பன்னி என்னத்தத் தேடுமாம்?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

விதையைப் பார்ப்பதற்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது, அதனால்தான் மூட்டினேன். வேறு காரணம் இல்லை. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படிப் படுப்பது?

அவனுக்குப் படிக்கத் தெரியாது. இதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

பார்த்திப வருஷம், மார்கழி மாதம் இருபதாம் தேதி.