பாரிடோன் நல்லையா

காஜா பேராங் சாலையில் நல்லையா நடந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது அவர் அல்ல, அவர் தோளில் தொங்கும் பாரிடோன் சாக்ஸபோன்தான். சாக்ஸபோன் வகையிலே பெரியது, அடிக்குரல் கொண்டது. சண்டைக்கு முன்னால் பல வருஷம் மலாக்கா டான்ஸ் ஹால் ஒன்றில் அதை ஊதினார். பாட்டின் அழகெல்லாம் முன்வரிசைக்காரர்களுக்குப் போய்விடும். நல்லையாவுக்கு வாய்த்தது பின்னால் உட்கார்ந்து 'பூம், பூம்' என்று முட்டுக்கொடுக்கிற வேலை.

"நீங்க ஊதறது எதுன்னே எனக்குத் தெரியலையே," என்பாள் மனைவி மல்லிகா.

"தெரியலைன்னா சரியா ஊதறேன்னு அர்த்தம்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை இருந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் ஹால் மூடப்பட்டது. பியானோவைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். டிரம் அடித்தவர் குண்டுவீச்சில் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. எஞ்சியது நான்கு சாக்ஸபோன். உஜோங் பாசிரில் மீன்பிடிக்கிற போர்த்துகீசியக் குடும்பத்து அகஸ்டின், தெங்கேராவில் பல தலைமுறையாக வாழும் பாபா சீனர் கிம் ஹோக், நல்லையாவின் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி சுப்பையன் (பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய்), அப்புறம் நல்லையா. நாலு பேரும் பேசிக்கொள்வது மலாயில்.

ஜப்பானிய அதிகாரிகள் சாப்பிடும் விடுதியில் ஊதவேண்டும், கூலி அரிசி என்று ஆள் வந்தது. கிம் ஹோக்கின் தம்பியை ஜப்பானியர் லாரியில் ஏற்றிப்போய்த் திருப்பி அனுப்பவே இல்லை. "அவனுங்களுக்கா நான் ஊதணும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர், மறுநாள் தன் டெனார் சாக்ஸபோனோடு வந்து நின்றார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கு தின்று கொண்டிருந்தன.

முதல் ஒத்திகை சுப்பையன் வீட்டில். டிரம் இல்லை, பியானோ இல்லை. மற்ற மூன்று பேரும் நூலறுந்த பட்டம்போல ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. டிரம் விழவேண்டிய இடத்தில் மூச்சை வெட்டி வெட்டி ஊதினார். பியானோவின் இடது கை போகிற வழியில் மேலும் கீழுமாக நடந்தார். பாட்டு கால் ஊன்றிக்கொண்டது. அகஸ்டின் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நீ இதையா பண்ணிட்டிருந்தே?"

நல்லையா அடுத்த பாட்டுக்கு மூச்சை இழுத்தார். அன்று சாயங்காலம் மல்லிகாவிடம் இரண்டு தடவை அகஸ்டின் கேட்டதைச் சொன்னார்.

அதன் பிறகு மற்ற மூவரும் அவரைப் பார்த்தே ஊதினார்கள். பாட்டை எங்கே முடிப்பது என்பதும் அவர் கையில்தான். அவர் குரல் படியிறங்கி அடியில் போய் உட்கார்ந்தால் முடிவு. உட்காராதவரை மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஊதுவாயில் கட்டும் ரீட் தீர்ந்துபோனபோது மூங்கிலைச் சீவிக் கட்டினார்கள். உதடு கிழிந்தது. விடாமல் ஊதினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜப்பானியர் அவர்களைச் செங் ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். தொழிலாளிகளுக்கு இலவசக் கச்சேரியாம். மைதானம் நிறைய தமிழ் ஜனம், இடுப்பில் குழந்தைகளோடு. முன்னால் நாற்காலியில் ஜப்பானிய அதிகாரி. பக்கத்தில், தமிழை மலாயாக்கிச் சொல்ல, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்பாசாமி.

தண்ணீர் குடிக்கப் போன நல்லையா, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் லாரிகள் வரிசையாக நிற்பதையும் துப்பாக்கிக்காரர்கள் நிழலில் குந்தியிருப்பதையும் பார்த்தார். சயாமில் ரயில் பாதை போடத் தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றுவது ஊருக்கே தெரியும். போனவர்களில் ஒருவரும் வரவில்லை என்பதும் தெரியும். ஜனத்தைக் கூட்டிவைக்கத்தான் தங்கள் சங்கீதம் என்று அவருக்குப் புரிந்தது.

நால்வரில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். முன்னால் வந்து நின்றார். அடுத்த பாட்டை அறிவிக்கிற பாவனையில் சிரித்த முகமாகப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, யாரும் திரும்பிப் பார்க்காதீங்க. புகைக்கூடத்துக்குப் பின்னால வண்டி நிக்குது, பாதை போட ஆள் பிடிக்க. நாங்க ஊதிட்டே இருப்போம். ஓரத்துல இருக்கறவங்க மொதல்ல, ஒவ்வொருத்தரா ஆத்துப் பக்கம் நடங்க. ஓடாதீங்க. இப்பக் கைதட்டுங்க."

எங்கோ ஒரு பெண் கைதட்டினாள். கூட்டம் மொத்தமும் தட்டியது.

"என்ன சொன்னான்?" என்றார் அதிகாரி மலாயில்.

அப்பாசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆள் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான். நல்லையாவை நிமிர்ந்து பார்க்காமல், "அடுத்தது காதல் பாட்டு, துவான். நீளமான பாட்டு," என்றார்.

நல்லையா ஊதத் தொடங்கினார். முடியவேண்டிய இடம் வந்தது. அவர் இறங்கவில்லை. மறுபடி வந்தது, மறுபடியும் மேலே ஏறிக்கொண்டார். சுப்பையன் முறைத்தார். கிம் ஹோக் கூட்டத்தைப் பார்த்தார், லாரிப் பக்கம் பார்த்தார், விளங்கிவிட்டது. அதுவரை ஊதாத வேகத்தில் தன் டெனாரைக் கிளப்பி அதிகாரியின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மைதானம் ஓரங்களில் கரைந்தது.

முன்வரிசையில் மட்டும் சிலர் அசையவில்லை. அதிகாரியின் காலடியிலேயே உட்கார்ந்திருந்ததால் எழ முடியாதவர்கள். அவர்களில் ஒருவன், ஒல்லியான ஆள், பயமே இல்லாமல் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான். 'எழுந்து போயேன்' என்று நல்லையா கண்ணால் கெஞ்சினார். அவன் பதிலுக்குப் புன்னகைத்தான்.

அதிகாரி ஒருவழியாகத் திரும்பிப் பார்த்தபோது மைதானம் பாதி காலி. இருந்தவர்களை லாரியில் அடைத்தார்கள். நல்லையா தமிழில் என்ன பேசினார் என்று நிரூபிக்க யாருமில்லை. அப்பாசாமி சொன்னதையே சாதித்தார். ஆனாலும் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் நல்லையாவின் வாயில் இடித்தான். முன்பல் இரண்டு போனது; உதடு கோணலாகத் தைக்கப்பட்டது. விடுதிக் கச்சேரியும் அதோடு நின்றது.

ஜப்பான் சரணடைந்த பிறகு ஆள்பிடித்துக் கொடுத்தவர்களை ஜனங்கள் தேடிப்பிடித்து அடித்தார்கள். அப்பாசாமியைத் தோட்டத்து மரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நல்லையா சைக்கிளில் போனார். கோணிய வாயால் நடந்ததைச் சொன்னார்.

"இவர் செஞ்சது எல்லாம் சரின்னு சொல்ல வரலை. அன்னைக்கு நான் பேசினதை அப்படியே சொல்லியிருந்தா, இங்க நிக்கறவங்கள்ல பாதிப்பேர் இல்லை. நானும் இல்லை."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். "எம் புருசன் முன்னாலதான் உக்காந்திருந்தாரு. ஒல்லியா இருப்பாரு. நீங்க சொன்னது அவருக்குக் கேக்கலையா?"

"கேட்டிருக்கும்மா. பாட்டை ரசிச்சிட்டிருந்தார்."

"அவரு அப்படித்தான்," என்றாள். "திருவிழாவுலகூட மேளக்காரங்க எழுந்தப்புறம்தான் எழுந்திரிப்பாரு." பிறகு அப்பாசாமியைக் காட்டி, "அவுத்து விடுங்க," என்று சொல்லிவிட்டுத் தொழிலாளர் லயத்துக்குள் போய்விட்டாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நல்லையா தவித்தார். மரத்தடிக்குப் போய் அப்பாசாமியின் கட்டை அவிழ்த்தார்.

நால்வரும் மறுபடி சேரவில்லை. கிம் ஹோக் சிங்கப்பூர் கேபரே ஆட்டக்கூடங்களில் பேர் வாங்கினார். அகஸ்டின் மாதா கோயில் திருநாட்களில் ஊதினார், மற்ற நாளெல்லாம் கடலுக்குப் போனார். சுப்பையன் போலீஸ் பேண்டில் சேர்ந்தார். நல்லையா ஒரு வருஷம் முழுக்க வாயின் இடது ஓரத்தால் ஊதிப் பழகினார். முதலில் காற்று மட்டும் வந்தது, பிறகு எச்சில், மெல்ல மெல்லக் குரல். மீண்டும் திறந்த டான்ஸ் ஹாலில் அவருக்குப் பழைய பின்வரிசையே கிடைத்தது. ஆடுகிறவர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. முன்பிருந்த குறை இப்போது அவரிடம் இல்லை. மல்லிகா மட்டும் சில நாள் சுவரோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அவர் ஊதுவது எது என்று தேடிக்கொண்டிருப்பாள்.