பதியாமல் போன அரை நிமிடம்

திருகோணமலைத் துறைமுகத்தடி மீன்வாடியில் அடிதடி புதிதல்ல. நிறுவைத் தராசு நின்றால் போதும், யாருக்காவது மூக்குடையும். அங்கே கணினிகளைப் பார்க்கும் அன்புவழிபுரத்து லதுசாவுக்குச் சண்டையென்றால் பயம். ஒரு சந்தைச் சண்டையில் தகப்பனின் கண் போனதைப் பார்த்தவள் அவள்.

வாடியின் கமராக்களெல்லாம் ஒரே சேர்வரில்தான் பதிந்தன. அது ஒவ்வொரு படத்துண்டையும் ஹாட் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்ததை வாங்கும். படம் விட்டுவிட்டு வந்தது. வந்ததைத் தற்காலிக நினைவகத்தில் வாங்கியதுமே ‘எழுதியாச்சு’ என்று பதில் சொல், டிஸ்க்கில் பிறகு ஆறுதலாக எழுது என்று லதுசா மாற்றினாள். பதிவு பறந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்குப் பற்றரிப் பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியை முதலாளியின் மகன் சுகிர்தன் கேட்டான். “தராசுக்குத் தாங்கோ அக்கா. கரண்ட் போய் நிறுவை நிண்டா வெட்டுக்குத்துதான்.”

சண்டைக்குப் பயந்து அவளே கழற்றிக் கொடுத்தாள், பாவி.

தராசு நிற்கவில்லை. சண்டை நின்றதா? மீன் வாங்க வந்தவன் விலைக்குச் சண்டை பிடித்துச் சுகிர்தனைக் கன்னத்தில் அறைந்தான். வாடியில் ஐஸ் உடைக்கும் தயா தன் கொக்கியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். என்ன நினைத்தானோ, கீழே போட்டுவிட்டான். சுகிர்தன் அதை எடுத்து, அறைந்தவனின் கழுத்தில் இறக்கினான். மீன் கழுவிய தண்ணீரோடு இரத்தமும் வாய்க்காலில் ஓடியது. செத்தவனின் ஆட்கள் வெறிபிடித்து, அகப்பட்டதையெல்லாம் உடைத்தார்கள். மெயின் சுவிச்சும் நொறுங்கியது. அதுவரை எல்லாவற்றையும் லதுசா அலுவலகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலிஸ் பதிவைக் கேட்டது. தயா கொக்கியை ஓங்குவதோடு படம் முடிந்திருந்தது. நினைவகத்தில் இருந்த கடைசி அரை நிமிடம் கரண்டோடு அழிந்துபோனது, டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நெரிசலில் குத்தியவனைச் செத்தவனின் ஆட்கள் காணவில்லை; கண்ட வாடிக்காரர் முதலாளிக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

பொலிஸ் தயாவைப் பிடித்துக்கொண்டு போகையில், செத்தவனின் ஆட்கள் அவனை ஜீப்படியில் போட்டு மிதித்தார்கள். பொலிஸ்காரர் இழுத்தெடுப்பதற்குள் அவன் முகம் கிழிந்துவிட்டது. “நான் கீழ போட்டனான்!” என்று கத்தினான்.

சுகிர்தன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து லதுசாவின் கதவை மறித்தான். “படம் அவ்வளவுதானே அக்கா?”

“ஓம். படம் அவ்வளவுதான்.”

அவன் வழிவிட்டான். லதுசா நேரே ஜீப்படிக்குப் போனாள்.

“மிச்சத்தை நான் பார்த்தனான், சேர். கொக்கியை இறக்கினது சுகிர்தன்.”

பின்னாலேயே வந்த சுகிர்தன் அடித்த அடியில் அவளுடைய முன்பல் போய்விட்டது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.