எதிர் நாற்காலிக்கு நேராக

இது நடந்தது. எனக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் நில அளவையாளராக இருந்தவன். ஓர் அடி கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. வீட்டு விஷயத்தை வெளியில் எழுதுவது இதுவே முதல் தடவை.

என் தங்கை டாரட் சீட்டு பார்த்துப் பலன் சொல்லிப் பிழைத்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத தொழில். "இனி இந்த வாசல்படியை மிதிக்காதே" என்றேன். அவள் சிரித்தாள். "நீங்க உட்கார்ந்த இடம்தான் எல்லாருக்கும் வடக்கு, இல்லண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் எங்கோ ஆசிரியையாக இருப்பதாக உறவினர்களிடம் சொல்லி வைத்தேன். பத்தொன்பது வருடம் அந்தப் பொய் நின்றது.

போன மாதம் அவள் இறந்தாள். அதற்கு முன் ஒரு கடிதம் வந்திருந்தது. "ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வரட்டுமா அண்ணா?" நான் பதில் போடவில்லை.

அவள் அறையைக் காலி செய்ய நான் மட்டும் போனேன். அந்தச் சீட்டுகள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. கீழே தையல் கடை. கடைக்கார அம்மாள்தான் அறைக்கும் சொந்தக்காரி. சாவியை நீட்டினாள்.

"அண்ணன் ஒருத்தர் இருக்கார்னு அக்கா சொல்வாங்க. சும்மா கதை விடறாங்கன்னு நெனச்சோம்."

"எனக்கு நேரமாச்சும்மா."

மாலை 4.10. கட்டில், வட்ட மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். மேசையில் சீட்டுக்கட்டு, பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு சீட்டும் நேராக வந்தால் என்ன பலன், தலைகீழாக வந்தால் என்ன பலன் என்று அவள் கையெழுத்தில் இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்காகக் காத்திருக்க வீட்டில் யாரும் இல்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. மனதுக்குள் ஒன்று கேட்டேன்.

என் மேல் கோபமா?

ஒரு சீட்டை எடுத்தேன். ஒரு சிறுவன் சிறுமியிடம் பூ வைத்த கோப்பையை நீட்டுகிறான். தலைகீழ். நோட்டில் பார்த்தேன். 'தலைகீழ்: உறவு அறுந்தது.'

அடுத்தது, விளக்கேந்திய கிழவன். அதுவும் தலைகீழ். 'பிடிவாதத்தால் வந்த தனிமை.'

சுருக்கென்றது. கட்டு கலைந்து கிடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எழுபத்தெட்டுச் சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, எனக்கு நேராக அடுக்கினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

4.40. மேலிருந்து ஒன்றை எடுத்தேன்.

தலைகீழ்.

அடுத்தது... தலைகீழ்.

கட்டை அப்படியே விரித்தேன். எல்லாமே...

க்ரீச்.

எதிர் நாற்காலி. யாரோ இழுத்து உட்காரும் சத்தம். ஆனால் நாற்காலி அசையவில்லை.

விரித்த வரிசையிலிருந்து ஒரு சீட்டு நழுவி என் முன்னால் வந்து நின்றது. நான்கு கம்புகள், பின்னால் ஒரு வீடு.

தலைகீழ்.

'வாசல் திறக்காது.'

எழுந்துவிட்டேன். நோட்டு அவள் கையெழுத்து, விட்டுவிட முடியாது. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். "சீட்டை எல்லாம் எரிச்சிடுங்க" என்று கீழே சொன்னேன்.

மறுநாள் காலை 7.20. தொலைபேசி.

"எரிச்சுட்டேன் சார். எண்ணினப்போ ஒண்ணு குறைஞ்சுது. அக்கா அடிக்கடி எடுத்துப் பார்ப்பாங்களே, வீடு போட்ட சீட்டு, அதுதான். நீங்க கொண்டு போயிட்டீங்களா?"

"இல்லை." பிறகு, ஏனென்று தெரியவில்லை, "எனக்கு எல்லாமே தலைகீழாத்தான் வந்துச்சு" என்றேன்.

"எந்த நாற்காலில உட்கார்ந்தீங்க?"

"ஜன்னலோரம்."

"அது கேட்க வர்றவங்க நாற்காலி சார். அக்கா எதிர்லதான் உட்காருவாங்க. நேரா, தலைகீழாங்கறதை வாசிக்கிறவங்க பக்கத்துலேர்ந்துதான் பார்க்கணும்."

ரிசீவரை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். நான்கு கம்புகள். நேற்று நான் படிக்காத மேல் வரி.

'நேர்: வீடு திரும்புதல்.'

தலை நிமிர்ந்தேன். சாப்பாட்டு மேசையின் நடுவில் அந்தச் சீட்டு இருந்தது.

எனக்குத் தலைகீழாக.

எதிரே, ஆறு வருடமாக யாரும் இழுக்காத நாற்காலிக்கு... நேராக.