எனெலெசி திருத்திய சொல்

எனெலெசி ம்பேவே எங்கள் ஏரிக்கரை ஊர்க் கோர்ட்டில் பத்தொன்பது வருடமாக மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் எங்கள் மொழியான சிச்சேவாவில் சொல்வதை அவர் ஆங்கிலத்தில் சொல்வார், மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொள்வார். மாஜிஸ்ட்ரேட் வடக்கத்திக்காரர், அவருக்குச் சிச்சேவா அரைகுறை. நான் அங்கே தட்டச்சர்.

ஒரு திங்கட்கிழமை கருவாடு விற்கும் டோரிகா சாட்சி சொன்னாள். லாக்சன் என்பவன் அவளுடைய சைக்கிளைத் திருடியதாக வழக்கு. "என்னிடம் திருடிவிட்டான்" என்றாள். எனெலெசி 'ராப்' என்று சொல்லிவிட்டார். 'ராப்' என்றால் அடித்தோ மிரட்டியோ பறிப்பது. மாஜிஸ்ட்ரேட் ஜாமீனை மறுத்தார். லாக்சனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மதியம் நானும் எனெலெசியும் மாமரத்தடியில் ந்சிமாக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டோரிகா வந்து நின்றாள்.

"அவனை ஏம்மா ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க? சைக்கிளை மில்லுச் சுவத்துல சாத்தி வச்சிருந்தேன். அவன் எடுத்ததை நான் பாக்கவே இல்லை."

எனெலெசி கையைக் கழுவிவிட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போனார். அடுத்த வழக்குக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் தன் தவறைச் சொன்னார்.

"பொருளை எடுத்தா 'ஸ்டீல்', ஆளை மிரட்டிப் பிடுங்கினா 'ராப்'. இது தெரியாமலா இத்தனை வருஷம் நின்னீங்க?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"தெரியும் ஐயா. எங்க பேச்சுல யாரோடது போச்சோ அந்த ஆளையும் சேத்துத்தான் திருடினான்னு சொல்வோம். இங்கிலீஷ்ல ஆளோட சேந்து வர்ற சொல் 'ராப்'. அவ 'என்னிடம்'னு சொன்னதும் எனக்கு வாய் அதுக்குப் போயிருச்சு."

அரசு வக்கீல் சிரித்தார். எனெலெசி சிரிக்கவில்லை. டோரிகாவை மறுபடி விசாரித்து, மூன்று மணிக்கு ஜாமீன் கொடுத்தார்கள். லாக்சன் யோக்கியன் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சைக்கிள் திருட்டுக்காக நான்கு மாதம் உள்ளே இருந்தான். பதிவில் 'ராப்' என்றே நின்றிருந்தால் வருடக்கணக்கில் இருந்திருப்பான்.

எனெலெசிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல அக்கா?" என்று கேட்டேன். "அவன் ஜீப்புல போறப்ப என்னையே பாத்துட்டுப் போனான்டி" என்றார்.

அதன்பிறகு சாட்சி 'திருடினான்' என்றால் அவர் உடனே மொழிபெயர்ப்பதில்லை. மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுமதி வாங்கி, "நீ பாக்கையில பிடுங்கினானா, பாக்காதப்ப எடுத்தானா?" என்று கேட்பார். சிலர் சலித்துக்கொள்வார்கள். எனெலெசி பதில் வரும்வரை காத்து நிற்பார்.