நாற்பது அடி கேட்டவர்

தனக்கோடி அக்காவிடம் பேச வேண்டுமானால் கூடவே நடக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். பல ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நான் அலைந்த மாதங்களில் அவரோடு நடப்பது ஒன்றுதான் எனக்கு ஒத்துவந்தது. மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரி வரை நடந்தபடியே இதைச் சொன்னார். நடுவில் கோபம் வந்து இரண்டு முறை பேச்சை நிறுத்தினார்.

ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தொண்ணூற்றாறு மாநகராட்சித் தேர்தலில் அவர்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. கட்சிக்காரர்கள் அவர் கணவரைத் தேடி வந்து, மனைவியை நிறுத்தச் சொன்னார்கள். பேச்சு முடிவதற்குள் அக்கா உள்ளிருந்து வந்து தானே சம்மதம் சொல்லிவிட்டார். ஜெயித்தார். நகரத் திட்டக் குழுவில் இடம் கொடுத்தார்கள்.

எந்த வீட்டைக் கடையாக்கலாம், எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம் என்றெல்லாம் முடிவு செய்கிற குழு அது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு வார்டு விஷயம் வந்தால் அந்த வார்டு உறுப்பினர் மட்டும்தான் பேசுவார். மற்றவர்கள் போண்டாவைச் சாப்பிட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். தன் வார்டு வரும்போது அவர்கள் தலையாட்ட வேண்டுமே. அக்காவும் அதை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். பசவனகுடி, ஜெயநகர் விஷயங்களெல்லாம் காதருகே ஓடிப்போகும். அவர் ஜன்னல் பக்கம் நின்று தன் தெருவையே நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தெருவுக்குள் தண்ணீர் லாரி வராது. பெண்கள் மெயின் ரோட்டிலிருந்து குடம் சுமந்தார்கள். தெருவை அகலப்படுத்த நிதி ஒதுக்கச் சொல்லி அக்கா ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். முப்பது அடி இருந்தாலே லாரி தாராளமாக வரும் என்றார் இன்ஜினியர். பணக்காரர்கள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்கள் நாற்பது அடி, நாங்கள் மட்டும் என்ன குறைச்சல் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். நாற்பதே கிடைத்தது.

அந்த வரிசை வீடுகள் எல்லாமே சாய்கிருஷ்ணா என்ற ஒருவருக்குச் சொந்தம். அக்காவும் அங்கேதான் குடியிருந்தார். சாய்கிருஷ்ணா எதிர்ப்புறம் இருந்த தன் காலி இடத்தில் ஒரு துண்டைச் சாலைக்கு இலவசமாக விட்டுக்கொடுத்தார். தெருவே கூடி அவருக்கு மாலை போட்டது. குடித்தனக்காரர்கள் தங்கள் வாசற்படியையும் துவைக்கும் கல்லையும் தாங்களே இடித்துக்கொண்டார்கள். முதலில் கடப்பாரை எடுத்தவர் சந்திரம்மா. அக்காவோடு ஒரே குழாயடியில் வளர்ந்தவர். தார் போடுவதுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த விஷயம் குழுவுக்கு வந்தது. குடியிருப்பு இடத்தை வணிக இடமாக மாற்றக் கேட்டு சாய்கிருஷ்ணா மனுக் கொடுத்திருந்தார். வரிசை வீடுகளை எடுத்துவிட்டுக் கடை வளாகம் கட்டப் போகிறார். தலைவர் உமேஷ் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார், இது உங்கள் வார்டு என்று. அக்கா முடியாது என்றார். உமேஷ் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மேடம், ரோடு நாப்பது அடின்னா கமர்ஷியல் குடுக்கணும், அது ரூல். இந்த ரூம்ல தினம் சொல்றது தானே? நாம மறுத்தாலும் அவர் கோர்ட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்துடுவாரு."

தினமும் சொன்னதுதான். மற்றவர்கள் வார்டு விஷயங்களில் சொன்னது. அக்கா அதைக் காதில் வாங்கியதே இல்லை.

"காது இருந்துச்சு, அதுல என் தெரு மட்டும்தான் இருந்துச்சு" என்றார் என்னிடம். முதல் முறை பேச்சை நிறுத்தியது இங்கேதான். ஒரு ஆட்டோக்காரரை வேண்டுமென்றே திட்டிவிட்டு மறுபடி நடந்தார்.

அவர் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்டார். தள்ளினார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர் வீட்டில் உட்காரவில்லை. இன்ஜினியரிடம் போனார், சட்டம் தெரிந்தவர்களிடம் போனார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: சாலை நாற்பது அடி என்றால் தடுக்க வழி கிடையாது. அப்படியானால் சாலை நாற்பது அடியாக இருக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் தன் தெருவின் சாலை வேலையைத் தானே குறைக்கச் சொல்லி எழுந்தார். நாற்பது வேண்டாம், முப்பது போதும், மிச்ச நிதி யார் வார்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும். குறைத்துக் கேட்ட உறுப்பினரை அந்த அறை பார்த்ததில்லை. ஒருவர், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கன்னடத்தில் விசாரித்தார். உமேஷ் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:

"ஜனங்க படியை இடிச்சிட்டாங்களேம்மா. அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அது என் தலவலி சார். நீங்க தலையாட்டுங்க."

அவர் வார்டு, அவர் பேச்சு. தலையாட்டினார்கள். நிதியின் மிச்சம் யாருக்கு என்று அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது. விட்டுக்கொடுத்த துண்டு சாய்கிருஷ்ணாவிடமே திரும்பியது; மனுவும் தள்ளுபடியானது.

அன்று சாயங்காலமே அக்கா தெருவில் நின்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரூல் பற்றிப் பாதி பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் நம்பவில்லை. காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொண்டுதான் குறைத்தாள் என்று பின்னால் ஒரு குரல் வந்தது. சந்திரம்மா கிட்டே வந்து நின்றார்.

"உன் பேச்சைக் கேட்டு இடிச்சேன். மழை பெய்ஞ்சா தண்ணி நேரா அடுப்பாண்ட வருது. நாப்பதுன்ன, இப்ப முப்பதுன்ற. எங்கள என்னன்னு நெனச்ச நீ?"

"தப்பு என்னுதுதான் சந்திரா. நாப்பது போட்டிருந்தா வீடே போயிருக்கும்."

"போனா போனப்ப பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது முறை பேச்சு நின்றது இங்கே. ஏரிக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நிற்பது அவருக்குப் பொருந்தவில்லை.

முப்பது அடியில் தார் போட்டார்கள். லாரி வந்தது. ஆனால் அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். வார்டில் மற்ற தெருக்கள் ஓரளவு கைகொடுத்தன, சொந்தத் தெருதான் கவிழ்த்தது. இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி வளாகத்தில் துப்புரவுப் பெண்களுக்கு மேற்பார்வை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். நடந்துகொண்டே பார்க்கும் வேலை என்பதால் பிடித்திருக்கிறதாம்.

தோற்றது வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காம? ஓட்டுப் போட எல்லாரும் ஒண்ணா வந்தாங்க, சந்திரா முன்னால. பூத்துக்கு வெளிய நின்னு பாத்தேன். எனக்கு எதிரா குத்தறதுக்கு ஒரு வீடு தவறல. அத்தினி பேரும் இன்னும் அதே அட்ரஸ்ல தான் இருந்தாங்க."

சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார். நான் ஓட வேண்டியிருந்தது.