முனியாண்டிக்கு முதுகைக் காட்டலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்துப் பேர் பார்க்க, என் மனைவி சுமதி எனக்குக் கெடு வைத்தாள்.

"இன்னைக்கு இந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போட்டீகன்னா, கோயம்புத்தூருக்கு நம்ம ரெண்டு பேரு பேரையும் குடுக்குறேன். இல்லாட்டி நானும் நஸ்ரீனும் போய்க்கிறோம்."

கோவையில் அடுத்த மாதம் டிஸ்க் கோல்ஃப் ஜோடிப் போட்டி. பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சுமதி நன்றாக வீசுவாள். நான்... சரி, அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்!

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: பந்துக்குப் பதிலாக வட்டத் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கும் கூடை. தூரத்தில் நின்று தட்டை வீசி, குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் சேர்க்க வேண்டும். எங்கள் மைதானம், மதுரை ஆனையூர் தாண்டி இருக்கும் வற்றிய கண்மாய். கூடை, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் பாண்டியின் கைவண்ணம் – சைக்கிள் ரிம்மும் நாய்ச் சங்கிலியும். கீழவாசலில் இருந்து ஸ்கூட்டரில் வரும் நஸ்ரீன், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். சுமதிக்குத் தங்கை மாதிரி. எனக்கு? இப்போதைக்குப் போட்டியாளர்!

வீச்சில் எனக்கு என்ன கோளாறு? கை முந்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

வலது கைக்காரர் கூடைக்குப் பக்கவாட்டில் அடியெடுத்து வர வேண்டும். தட்டைப் பின்னால் கொண்டு போகும்போது இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்பி, ஒரு கணம் முதுகே கூடைப் பக்கம் இருக்க வேண்டும். அப்புறம் முன்கால் ஊன்ற வேண்டும், இடுப்பு சுழல வேண்டும், தோள் வர வேண்டும்... கடைசியில்தான் கை. எனக்கோ, பந்தியில் இலை விழும் முன்பே கை நீட்டுகிறவனைப் போல, கால் ஊன்றும் முன்பே கை கிளம்பிவிடும். உடம்பு செய்ய வேண்டிய வேலையை எல்லாம் தோள் ஒன்றே இழுக்கும். தட்டு பாதி வழியில் படுத்துக்கொள்ளும். வீட்டில் தைல வாசம் அடங்குவதே இல்லை.

அதற்கு முந்தைய வாரம் நஸ்ரீன் என் வீச்சை போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். தோள் திரும்பவே இல்லை. கண் கூடையை விட்டு நகரவே இல்லை. "ஏன்ணே, திரும்புனா என்ன?" என்று கேட்டாள்.

காரணம் எனக்கே தெரியாது. கூடைக்குப் பின்னால், கரை மேல் முனியாண்டி கோயில் கண்ணில் பட்டது. வாய் சும்மா இருக்குமா?

"எதிர்ல சாமி இருக்கு. சாமிக்கு எப்படி முதுகக் காட்டுறது?"

அவ்வளவுதான். மதுரைப் பக்கத்தில் முனியாண்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் குறுக்கு விசாரணை கிடையாது. இத்தனை மாதமாக அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே வீசிக்கொண்டிருந்த பாண்டி, அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூடையை மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னதே நஸ்ரீன்தான். வெயிலில் ஆளாளுக்கு மண்வெட்டி பிடித்து, கூடையைப் பெயர்த்துத் தூக்கிப் போய், எதிர்ப்பக்கம் மோட்டார் ரூம் முன்னால் நட்டார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கூசியது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. இவ்வளவு பேர் சுமந்த பிறகு எப்படிச் சொல்வது?

இந்த இடமாற்றத்தில் ஒரு வினை. புதுக் கூடைக்கும் நாங்கள் வீசும் இடத்துக்கும் நடுவில், யாரோ மண் அள்ளிய பள்ளம். உள்ளே பாசி பிடித்த தண்ணீர். சுமதி கெடு வைத்தது இந்தப் பள்ளத்துக்குத்தான்.

முதல் தட்டு... தொப். பாசிக்குள்.

அடுத்ததும் அதே இடத்தில் தொப்.

நஸ்ரீன் மறுபடி போனை நீட்டினாள். மறுபடி அதே தோள், அதே கண். பாண்டி வீடியோவைப் பார்த்தான், மோட்டார் ரூமைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, நிஜமாகவே சந்தேகம் கேட்பவனைப் போல, மெதுவாகக் கேட்டான்:

"மாப்ள, மோட்டார் ரூம்ல எந்தச் சாமி இருக்கு?"

சிரிப்பு அடங்கப் பொழுதாயிற்று. நானும் சிரித்தேன். வேறு வழி? ஆனால் சுமதி சிரிக்கவில்லை. என்னைத் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"புள்ள எங்கன இருக்கான்னு எந்நேரமும் போன்ல அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டு இருக்கீகல்ல... அதே பார்வைதான் இது. நீங்க பாக்காட்டியும் கூடை அங்கனதான் இருக்கும்."

எங்கள் மகள் கயல் புனேயில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, அவள் இருக்கும் இடத்தைப் போன் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும். புள்ளி ஆபீசில் இருந்தால் 'இன்னுமா வேலை?' என்று தவிப்பேன். சாலையில் நகர்ந்தால் 'யார் வண்டி?' என்று பதறுவேன். நகராமல் நின்றால் சொல்லவே வேண்டாம். இதில் எதைப் பார்த்து நான் எதைத் தடுத்துவிட்டேன்? ஒன்றுமில்லை. பயம் சார், வெறும் பயம். கண்ணை எடுத்தால் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். சுமதி சொன்னது சுருக்கென்று தைத்தது.

நான் மட்டுமா? டெலிவரிக்காரர் எந்தத் தெருவில் திரும்புகிறார் என்று மேப்பை முறைக்காவிட்டால் பிரியாணி வீடு வந்து சேராதா? ரிசல்ட் பக்கத்தைத் தட்டித் தட்டிப் புதுப்பித்தால் மார்க் கூடிவிடுமா? பார்ப்பதையே ஒரு வேலையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலையில் நமக்கு லீவே கிடையாது!

பாண்டி பையிலிருந்து கடைசித் தட்டை எடுத்துக் கொடுத்தான். உள்ளங்கை வேர்த்திருந்தது. பேன்டில் துடைத்துக்கொண்டேன்.

அடியெடுத்து வந்தேன். தட்டைப் பின்னால் கொண்டுபோனேன். கண்ணை... எடுத்தேன். எதிரே சீமைக்கருவேல மரமும் ஒரு கொக்கும். கூடை இல்லை. இப்போதே திரும்பு, திரும்பு என்று தோள் துடித்தது. விடவில்லை. முன்கால் மண்ணில் அழுந்தும் வரை காத்திருந்தேன்.

ஊன்றியது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. இடுப்பு தோளை இழுத்தது, தோள் கையை இழுத்தது, தட்டு விரலை விட்டுத் தெறித்துப் போனது. தோளில் வலியே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது தட்டு பள்ளத்தைத் தாண்டி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கூடையில் விழவில்லை. மோட்டார் ரூம் சுவரில் மோதி விழுந்தது. அதனால் என்ன? தாண்டிவிட்டது! பாண்டி விசிலடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சுமதியின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். முகத்தைக் காணோம். கூடைக்கும் பள்ளத்துக்கும் எனக்கும் சேர்த்து முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள்.

"தாண்டிருச்சா?" என்றாள், திரும்பாமலே.

"தாண்டிருச்சு. நீ பாக்கலையா?"

"எப்படிப் பாக்குறது? பயமா இருந்துச்சு. நஸ்ரீனோட போகணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

என்னால் பார்க்காமல் இருக்க முடியாது, அவளால் பார்க்க முடியாது... கோவைக்குப் போவது இந்த ஜோடிதான்!